கச்சான் காற்றில் ஓடிய டிரெய்லர்

மைலேஜ் எப்படி எடுப்பது என்று என்னிடம் கேட்க வருகிறவன் முதலில் தன் வண்டிச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரட்டும். பாரத்தோடு கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, கீழே இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் டிரம் பக்கத்திலும் கையைக் கொண்டுபோக வேண்டும். எந்தச் சக்கரத்தின் பக்கத்தில் சூட்டில் கை போக முடியவில்லையோ அந்தச் சக்கரம்தான் டீசலைக் குடிக்கிறது. இதைச் சொன்னால் எவனும் நம்புவதில்லை. டேங்கில் பத்துச் சொட்டு விட்டால் போதும் என்று செல்போனில் ஒருவன் விற்கிற பாட்டிலை நம்புகிறார்கள்.

எங்கள் ஓட்டுநர் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். படகு இழுத்த அனுபவத்தை எழுதிக் கொடுங்கள், டீசல் மிச்சம் பிடிப்பது பற்றியும் எழுதுங்கள் என்று பையன்கள் வந்து கேட்டார்கள். இப்போது வருகிற வண்டிகளில் ஓட்டுநருக்கு மதிப்பெண் போடுகிற பெட்டி ஒன்று இருக்கிறதாம். பிரேக்கை அழுத்தி மிதித்தால் மதிப்பெண் குறையுமாம். குறுக்கே ஆடு வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அதற்கு அந்தப் பெட்டியில் பதில் இல்லை. அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன். நயமாக எழுத எனக்கு வராது.

நான் வண்டி பழகியதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. சாயல்குடியில் உப்பு லாரியில் ஏறினேன், அடி வாங்கினேன், கியர் போடக் கற்றேன். அப்புறம் கரி, ஜல்லி, காற்றாலைத் தூண். கடைசியாக வந்து சேர்ந்தது படகு. ஓய்வு பெறும்வரை படகுதான்.

கடலில் போகிற படகை எதற்கு ரோட்டில் இழுக்க வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சாயல்குடிப் பக்கம் கடற்கரைப் பட்டறைகளில் விசைப்படகு கட்டுவார்கள். அதை வாங்குகிறவர்கள் ராமேஸ்வரம் தீவில் இருப்பார்கள். அங்குள்ள கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதுப் படகு தங்கள் ஊர்க் கோயில் முன்னால் வந்து நின்று, சாமியார் மந்திரித்த பிறகுதான் உப்புத் தண்ணீரைத் தொட வேண்டும். அதற்கு முன்னால் ஒரு அலை மேலே பட்டாலும் மனது கேட்காது. அதனால் நான் பிழைத்தேன்.

படகை ஏற்றுவது ஒரு நாள் வேலை. பட்டறையில் படகு பனந்தடிகள் மேல் உட்கார்ந்திருக்கும். அதற்குப் பின்னால் மணலைத் தோண்டிப் பள்ளம் எடுத்து, டிரெய்லரைப் பின்னுக்கு விட்டு, படகின் வயிற்றுக்கு அடியில் நுழைக்க வேண்டும். ஒரு சாண் தப்பினால் ஏரா உடையும். ஏரா என்பது படகின் அடிக்கட்டை, அது போனால் படகே போச்சு. ஜாக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பனந்தடியை உருவி, இரண்டு பக்கமும் மணல் மூட்டை அடுக்கி, பழைய டயர் செருகி, சங்கிலி போட்டு இறுக்க வேண்டும். அதற்கு அப்புறம் படகு மேல் நாலு பேர் ஏறுவார்கள். கையில் நீளமான மூங்கில் கழி இருக்கும். ரோட்டின் குறுக்கே போகிற வயரை எல்லாம் கழியால் தூக்கிப் பிடிக்கத்தான் அவர்கள். இப்படித்தான் மாட்டு வண்டி வேகத்தில் தீவுக்குப் போவோம்.

இறக்குவது அதைவிட மோசம். டிரெய்லரைப் பின்னுக்குக் கடலுக்குள்ளேயே விட வேண்டும். அச்சு முங்க வேண்டும், சக்கரம் முங்க வேண்டும், படகு தானாக மிதந்து கழன்று போக வேண்டும். படகுக்காரன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவான். என் டிரெய்லர் உப்புத் தண்ணீர் ஒழுகிக்கொண்டு வெளியே வரும். உடனே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் பிரேக்கில் உப்பும் மணலும் ஏறித் துருப்பிடிக்கும். மிதித்த பிரேக் திரும்பி வராது. பிரேக்கைப் பிடித்தபடியே சக்கரம் சுற்றும். அதை இழுக்க இன்ஜின் இரட்டிப்பாகக் குடிக்கும்.

இதை என் முதலாளி ஜமாலிடம் எத்தனையோ தடவை சொன்னேன்.

முதலாளி கீழக்கரைக்காரர். ஷார்ஜாவில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். வருடத்துக்கு ஒரு தடவை பெருநாளுக்கு வருவார். மற்ற நாட்களில் செல்போனில் குரல் பதிவாகத்தான் வருவார். நல்ல மனிதர், தொழுகை தவறாதவர், ஒருவரையும் கெட்ட வார்த்தையில் திட்ட மாட்டார். அதுதான் எனக்கு எரிச்சல். திட்டுகிற ஆளாக இருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இவர் முதலில் என் வீட்டு ஆட்களை எல்லாம் பெயர் சொல்லி நலம் விசாரிப்பார். அப்புறம் ஒரு பெருமூச்சு வரும். அந்தப் பெருமூச்சைக் கேட்டாலே மைலேஜ் வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

“பிரேக் பிடிச்சுக்கிட்டே இருக்கு மொதலாளி. டிரம்மைக் கழட்டி வேலை பாக்கணும்” என்றேன்.

“பிரேக் பிடிக்குதுன்னா நல்லதுதானே முனியசாமி. பிடிக்கலைன்னாத்தான் பயப்படணும். அல்லாஹ் நம்மளக் காப்பாத்துறான்.”

“அதில்ல மொதலாளி. விட வேண்டிய நேரத்துல விட மாட்டேங்குது. கடல்ல எறக்குன பெறகு ஒரு டேங்கர் நல்ல தண்ணி விட்டுக் கழுவுனாக்கூடப் போதும்.”

பெருமூச்சு வந்தது. “ராம்நாட்டுல சனங்க குடிக்கவே தண்ணி இல்ல. நீ சக்கரத்தைக் குளிப்பாட்டணுங்கிற. மறுமையில கேள்வி இருக்கு முனியசாமி.”



கடிகாரக்காரர் அல்லவா, ஒரு தூசி கிடந்தாலும் முள் ஓடாது என்பது அவருடைய கணக்கு. அதனால் வண்டியில் உள்ள எடையைக் குறைக்கச் சொல்லி ஒவ்வொரு வாரமும் ஓர் உத்தரவு வரும். முதலில் கேபினில் இருந்த பாட்டுப் பெட்டியைக் கழற்றச் சொன்னார். அப்புறம் கிளீனர் சீட்டை. ஆள் இல்லாதபோது சீட் எதற்கு என்றார். அப்புறம் ஸ்டெப்னியை இறக்கச் சொன்னார். ஸ்டெப்னி இல்லாமல் ஏர்வாடி தாண்டி டயர் வெடித்து ஒரு பகல் முழுக்க வெயிலில் நின்றேன். டீசல் அன்று ஒரு சொட்டுகூடச் செலவாகவில்லை என்று சந்தோஷப்பட்டார்.

கடைசியில் என் எடையைக் கேட்டார்.

“நீ என்ன கிலோ இருப்ப முனியசாமி?”

“எதுக்கு மொதலாளி?”

“சும்மா கேக்குறேன். காலையில பரோட்டா திங்கிறியா?”

முப்பது டன்னுக்கு மேல் இழுக்கிற வண்டி. அதில் என் பரோட்டாதான் அவர் கண்ணில் பட்டது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவர் சொன்னதில் பாதி சரி. நிற்கும்போது இன்ஜினை அணைக்கச் சொன்னார், சரி. டயரில் காற்றை வாரம் ஒரு தடவை பார்க்கச் சொன்னார், சரி. ஏர் பில்டரை மாற்றச் சொன்னார், அதுவும் சரி. பெரிய கியரில் போட்டு இன்ஜினை அலற விடாமல் ஓட்டச் சொன்னார், அதை நான் அவருக்கு முன்பே செய்துகொண்டிருந்தேன். ஆனால் சரியான யோசனை ஒன்று சொன்னால், அடுத்து வருவது பைத்தியக்கார யோசனையாக இருக்கும். இரண்டையும் ஒரே குரலில், ஒரே பெருமூச்சோடு சொல்வார்.

ஹாரன் விஷயம் அப்படித்தான் வந்தது. ஹாரன் அடித்தால் காற்று செலவாகிறது, காற்றை நிரப்பக் கம்பிரசர் ஓடுகிறது, கம்பிரசரை இன்ஜின் ஓட்டுகிறது, ஆகவே ஹாரன் டீசல் குடிக்கிறது என்று கண்டுபிடித்தார். கணக்கில் தப்பே இல்லை. ஹாரன் வயரைப் பிடுங்கச் சொன்னார். ஓர் ஆள் உயரத்துக்கு நாலு மடங்கு உயரமாக ஒரு படகை இழுத்துக்கொண்டு ராமநாதபுரம் பஸ் நிலையத்தைச் சத்தமே இல்லாமல் கடந்தவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவன்தான். படகு மேல் இருந்தவர்கள் கையைத் தட்டி, “ஏலே தள்ளு, ஏலே தள்ளு” என்று கத்திக்கொண்டே வந்தார்கள்.

இத்தனைக்கும் மைலேஜ் ஏறவில்லை. இறங்கியது. பிரேக் இறுகிக்கொண்டே போனால் எப்படி ஏறும்? முதலாளி மதுரையிலிருந்து ஒரு பையனை வரவழைத்து டேங்குக்குள் ஒரு கருவி மாட்டினார். வண்டி எங்கே இருக்கிறது, டேங்கில் டீசல் எவ்வளவு குறைகிறது என்று ஷார்ஜாவில் இருந்தபடி அவர் போனில் பார்க்கலாம். பார்த்தார். டீசல் தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது. கருவி பொய் சொல்லவில்லை. ஆனால் ஏன் போகிறது என்று கருவிக்குத் தெரியாது. முதலாளி தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்.

எங்கள் ரோட்டில் ஓடுகிற வண்டிகளின் முதலாளிகளும் ஓட்டுநர்களும் சேர்ந்த செல்போன் குழு ஒன்று உண்டு. எங்கே பள்ளம், எங்கே போலீஸ் என்று அதில் போடுவார்கள். அந்தக் குழுவில் ஒரு நாள் ஜமால் முதலாளியின் குரல் வந்தது. எல்லாருக்கும் சலாம் சொல்லி, எல்லார் வீட்டிலும் நலமா என்று கேட்டு, பெருமூச்சு விட்டு, “நம்ம முனியசாமி டீசல் எடுக்குறான்னு மனசு வேதனைப்படுது. அடுத்த நடையும் இப்படியே போச்சுன்னா அவனுக்கும் நமக்கும் ஒத்து வராது. அவனுக்கு நல்ல புத்தியக் கொடுக்க எல்லாரும் துஆ செய்ங்க” என்றார்.

திருடன் என்று சொன்னால்கூடப் பரவாயில்லை. எனக்காகப் பிரார்த்தனை செய்யச் சொல்கிறார்.

நான் போன் போட்டுக் கத்தினேன். என் வாழ்நாளில் ஒரு சொட்டு எடுத்தது இல்லை. டீசல் எடுக்கிறவர்களை எனக்குத் தெரியும், என் கண் முன்னால் எடுத்திருக்கிறார்கள், நான் தொட்டது இல்லை. “நெஞ்சுல கை வச்சுச் சொல்லு முனியசாமி” என்றார். சொன்னேன். “போன்ல தெரிய மாட்டேங்குது, வீடியோவுல வா” என்றார். போனை வைத்துவிட்டேன்.

அடுத்த நடையில் மைலேஜ் வராவிட்டால் வேலை போகும். அதுகூடப் பெரிதில்லை. திருட்டுப் பேரோடு இறங்கினால் சாயல்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை எவனும் எனக்குச் சாவியைத் தர மாட்டான். குழுவில் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். டீக்கடையில் என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள். என் மச்சினன்கூட, எடுத்திருந்தால் கொஞ்சம் எனக்கும் கொடுத்திருக்கலாமே என்று சிரித்தான்.

அந்த அடுத்த நடைதான் சவரிமுத்துவின் படகு.

சவரிமுத்து அக்காள்மடத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். மீன்பிடி தடைக்காலம் முடிந்து மற்றவர்கள் எல்லாம் கடலுக்குப் போய்விட, அவருடைய படகு மட்டும் பட்டறையில் தாமதமாகிவிட்டது. இன்ஜின் ஊரில் வந்து கிடந்தது. ஆள் தவித்துக்கொண்டிருந்தார். தம்பிமார் மூன்று பேரோடு வந்து, கூடவே நின்று படகை ஏற்றினார். வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“ஒரு நடை மைலேஜ் வந்தாப் போதுமா?” என்றார் சவரிமுத்து.

“வராது. பிரேக்கு பிடிச்சுக் கெடக்கு.”

“கச்சான் நல்லா அடிக்குது பாரு” என்றார்.

கச்சான் என்பது மேல்காற்று. அந்தப் பருவத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஆளைத் தள்ளுகிற மாதிரி அடிக்கும். ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்து நான் வண்டியில் ஏறிவிட்டேன். அது என் தப்பு இல்லை. அந்தப் பேச்சை எவனும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பான்.

ராமநாதபுரம் தாண்டினால் உச்சிப்புளி வழியாக மண்டபம் வரை ரோடு கிழக்கே நேராகப் போகும். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பேன். வண்டி லேசானது. அப்படி ஒரு லேசை நான் அதற்கு முன் கண்டது இல்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தளர்த்தினேன், வண்டி தளரவில்லை. காலை எடுத்தே விட்டேன். போய்க்கொண்டிருந்தது. டிரெய்லரை வண்டியோடு பிடித்திருக்கும் கொக்கி கழன்று, படகு தனியாக ரோட்டில் நிற்கிறது, நான் மட்டும் போய்க்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். படகு பின்னாலேயே வந்தது. இன்னும் சொல்லப்போனால், அது என்னைத் தள்ளிக்கொண்டு வந்தது.

எதிரே வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று ஒரே பக்கமாகப் பார்த்தார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி நின்று சிலுவை போட்டுக்கொண்டார். அப்போதுதான் ரோட்டில் விழுந்திருந்த நிழலைப் பார்த்தேன். என் வண்டி நிழலுக்கு மேலே முக்கோணமாகப் பெரிய நிழல் ஒன்று ஆடியது.

வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினேன். அதுவும் உடனே நிற்கவில்லை. இறங்கி அண்ணாந்து பார்த்தால் படகு மேல் பாய் விரித்திருக்கிறார்கள். வலை மூடுகிற நீலத் தார்ப்பாய். வயர் தூக்கும் மூங்கில் கழியைக் குறுக்கே கட்டி, விளக்கு மாட்டும் இரும்புத் தூணில் ஏற்றி, தம்பிமார் மூன்று பேரும் ஆளுக்கொரு கயிறைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சவரிமுத்து பின்பக்கம் உட்கார்ந்து உத்தரவு கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

“ஏலே சவரிமுத்து, என்னய்யா பண்ணிக்கிட்டிருக்க?”

“ஒனக்கு மைலேஜ் எடுத்துக்கிட்டிருக்கேன்.”

“எறக்குய்யா அதை.”

“எறக்க மாட்டேன்.”

“எறக்கலைன்னா வண்டிய எடுக்க மாட்டேன்.”

“நீ என்னலே எடுக்குறது. பிரேக்கை விடு, அதுவாப் போகும்.”

நான் டிரெய்லரில் காலை வைத்து ஏறிப் போய்ச் சண்டை போட்டேன். அவர் அசையவில்லை. புதுப் படகில் முதல் பாய் விரித்தால் கரை சேர்கிற வரை இறக்கக் கூடாது, பாதி வழியில் இறக்கினால் தொழில் பாதியில் நிற்கும் என்றார். இது விசைப்படகு, இதற்குப் பாயே கிடையாது, இதற்கு எங்கிருந்து அந்தச் சட்டம் வந்தது என்று கேட்டேன்.

“விரிச்ச பெறகு சட்டம் வந்துரும்” என்றார். அப்புறம் குரலை இறக்கி, “எங்களுக்காக ஓட்டுற ஆளு. ஒன்னையத் திருட்டுப் பயன்னு சொல்லுவானா அவன்? காத்து சும்மாதான போகுது. எந்தக் காத்துக்குடா அவன் கருவி மாட்டியிருக்கான்?” என்றார்.

கீழே இறங்கி வண்டியை எடுத்தேன். கழி பாயில் மாட்டிக்கொண்டதால் வயரைத் தூக்க ஆள் இல்லை. குறுக்கே வயர் வந்தால் நான் மெதுவாக்குவேன், அவர்கள் பாயைச் சாய்ப்பார்கள். சாய்ப்பது இறக்குவது ஆகாதாம். ஒவ்வொரு வயருக்கும் இந்த விளக்கத்தைச் சவரிமுத்து மேலிருந்து எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மண்டபத்துக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். மெதுவாகச் சுற்றி வந்து பார்த்தார்.

“என்னய்யா இது?”

“படகு சார்” என்றேன்.

“படகு தெரியுது. பாய் எதுக்கு?”

எனக்கு முன்னால் சவரிமுத்து மேலிருந்து சொன்னார். “நனைஞ்சு போச்சு சார். காயப் போட்டிருக்கோம்.”

“ஓட்டுறது யாரு?”

நான் கையைத் தூக்கினேன். மேலே பார்த்தால் சவரிமுத்துவும் கையைத் தூக்கியிருந்தார். போலீஸ்காரர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று யோசித்திருப்பார் போல. கடலோரக் காவலுக்கு என்று தனியாக ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்க வேண்டும் என்று முணுமுணுத்தார். போன் போட்டார், யாரும் எடுக்கவில்லை. “போய்த் தொலைங்க. ஹாரன் அடிச்சுப் போங்க” என்றார்.

ஹாரன் இல்லை என்று நான் சொல்லவில்லை.

பாம்பன் பாலம் ஏறுவதற்கு முன் மறுபடி நிறுத்தினேன். இந்த இடத்தில் சவரிமுத்துவை அடித்தாவது பாயை இறக்குவது என்று முடிவு பண்ணியிருந்தேன். பாலத்தின் மேல் காற்று பின்னாலிருந்து வராது, விலாவில் அடிக்கும். பாயோடு ஏறினால் வண்டி, படகு, ஆள் எல்லாம் கடலில்தான். நான் கேபினை விட்டு இறங்குவதற்குள் பாய் இறங்கியிருந்தது. தம்பிமார் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“கரை வந்துருச்சா?” என்று கேட்டேன்.

“குறுக்குக் காத்துல பாய் விரிக்க நான் என்ன பைத்தியமா?” என்றார் சவரிமுத்து.

படகு கோயில் முன்னால் போய் நின்றது. சாமியார் தண்ணீர் தெளித்தார், சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள், டிரெய்லரைக் கடலுக்குள் விட்டேன், படகு மிதந்தது. நான் கரையில் உட்கார்ந்து வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது.

முதலாளி நலம் விசாரிக்கவில்லை. பெருமூச்சும் விடவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

“முனியசாமி, உச்சிப்புளியிலருந்து மண்டபம் வரைக்கும் டீசல் அசையவே இல்ல.”

“ஆமா மொதலாளி.”

“கருவி கெட்டுப்போச்சான்னு மதுரைப் பையனைக் கேட்டேன். சரியாத்தான் இருக்குன்னு சொல்றான்.”

“ஆமா மொதலாளி.”

“அப்ப ஒழுங்கா ஓட்டுனா வண்டி இவ்வளவு குடுக்குது. இத்தனை நாளு இந்த டீசல் எல்லாம் எங்கன போச்சு?”

மைலேஜ் வராவிட்டால் நான் திருடன். மைலேஜ் வந்ததால் நான் திருடன் என்பது நிரூபணமாகிவிட்டது. அன்று சாயங்காலமே குழுவிலும் அதைப் போட்டுவிட்டார். எல்லாரும் செய்த துஆவுக்குப் பலன் கிடைத்துவிட்டது, முனியசாமி திருந்திவிட்டான் என்று நன்றி சொன்னார். எனக்குத் தெரிந்த எட்டுப் பத்து ஓட்டுநர்கள் கை குவித்த படம் போட்டிருந்தார்கள்.

சவரிமுத்துவிடம் போய்க் காட்டினேன். அவருடைய கடைசித் தம்பி படகு மேலிருந்து முழுவதையும் வீடியோ எடுத்து வைத்திருந்தான். நீலப் பாய், என் கேபின் கூரை, முன்னால் நேராக ஓடுகிற ரோடு, ஒதுங்கி நிற்கிற பஸ், நான் கீழே நின்று கத்துவது எல்லாம் இருந்தது. அதை முதலாளிக்கு மட்டும் அனுப்பினேன். வேலை போனால் போகட்டும் என்று அனுப்பினேன்.

அப்புறம் ஒரு குரல் பதிவு வந்தது. அழுகிறாரோ என்று நினைத்தேன்.

“முனியசாமி, எங்க வாப்பாவோட பாட்டனார் இப்படித்தான் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பாய் கட்டிக் கப்பல் ஓட்டுனாரு. எங்க குடும்பத்துல அதுக்கப்புறம் ஒருத்தருக்கும் அந்தக் கொடுப்பினை இல்ல. இன்னிக்கு என் வண்டியில அல்லாஹ் காட்டிட்டான்.” அடுத்த பதிவு உடனே வந்தது. “திரும்பி வரும்போதும் பாய் கட்டியே வா.”

“திரும்பி வாரப்ப எதிர்க்காத்து மொதலாளி” என்று போனில் சொன்னேன்.

“எதிர்க்காத்துல ஓட்டத் தெரியாமயா ரங்கூன் போயிட்டு வந்தாங்க? சாய்ச்சுச் சாய்ச்சுப் போகணும். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்.”

“தேசிய நெடுஞ்சாலையிலயா?”

“ஆள் இல்லாத நேரமாப் பாத்துப் போ.”

அப்போது நான் உட்கார்ந்திருந்த இடத்திலேயே முடிவு செய்தேன். வண்டியை அக்காள்மடத்தில் ரோட்டோரம் நிறுத்திவிட்டேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அடுத்த படகு பட்டறையில் காத்துக்கொண்டிருந்தது. முதலாளியிடம் இரண்டு விஷயம் சொன்னேன். என்னைத் திருடன் என்று சொன்ன அதே குழுவில், அதே குரலில், நான் திருடன் இல்லை என்று சொல்ல வேண்டும். டிரெய்லர் பிரேக் முழுவதையும் கழற்றி வேலை பார்க்க வேண்டும். இரண்டும் நடக்காமல் வண்டி நகராது.

முதல் விஷயத்துக்குச் சரி என்றார். பிரேக்குக்குப் பெருமூச்சு விட்டார். மறுபடியும் மறுமை, தண்ணீர் என்று ஆரம்பித்தார். பேசிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார்.

“முனியசாமி, பாய் கட்டுனா வேகம் கூடும்ல?”

“கூடும்.”

“வேகம் கூடுனா நிறுத்த வேண்டியிருக்கும்ல?”

“ஆமா.”

“அப்ப பிரேக்கு நல்லா இருக்கணுமே. இதை நீ முன்னமே சொல்லியிருக்க வேண்டாமா?”

போனை வைத்துவிட்டு மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பினேன். மெக்கானிக் வந்தார். டிரம்மைக் கழற்றியபோது உள்ளே இருந்தது இரும்பா பவளப்பாறையா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. தட்டித் தட்டி எடுத்தார். துருப்பிடித்த தண்டுகளை மாற்றி, கிரீஸ் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றினார். சுற்றிக்கொண்டே இருந்தது. அடுத்த நடையிலிருந்து பாயும் இல்லாமல் துஆவும் இல்லாமல் மைலேஜ் வந்தது. பிரேக்கால்தான் வந்தது என்று முதலாளியிடம் சொன்னேன். தார்ப்பாய் வண்டியில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, சவரிமுத்து கொடுத்துவிட்டார் என்றேன். “அதான் விஷயம், அதைக் கீழ வச்சிராத” என்றார். எடை கூடுமே என்று கேட்டேன். என் வீட்டு ஆட்களை நலம் விசாரிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு படகையும் கடலில் இறக்கிய பிறகு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினேன். அதற்கு அவரிடம் நான் கேட்கவில்லை.

குழுவில் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அக்காள்மடத்திலிருந்து வண்டி நகர்வதற்கு முன்பே, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த கையோடு அவர் குரல் வந்திருந்தது. எல்லாருக்கும் சலாம், எல்லார் வீட்டிலும் நலமா. “நம்ம முனியசாமி மேல சந்தேகப்பட்டது என் தப்பு. அவன் ஒரு சொட்டு டீசல் தொடல. டிரெய்லர்ல பாய் கட்டி ஓட்டியிருக்கான். நான் கண்ணால பாத்தேன்.” கூடவே அந்த வீடியோவையும் போட்டுவிட்டார்.

இனி இந்த மனிதரிடம் வேலை செய்வதில்லை என்று எப்போதோ முடிவு செய்திருந்தேன். பேர் சுத்தமானதும் ராமநாதபுரத்தில் இன்னொரு டிரெய்லர் முதலாளியைப் பார்க்கப் போனேன். மரியாதையாக உட்கார வைத்தார். டீ வாங்கிக் கொடுத்தார். என் அனுபவத்தைப் பற்றி எல்லாம் கேட்டார்.

“ஒங்களப் பத்திக் குரூப்புல கேட்டேன் அண்ணே. டீசல் எடுக்குற ஆளு இல்லன்னு தெரிஞ்சுபோச்சு” என்றார்.

“ஆமா” என்றேன்.

“அதான் யோசனையா இருக்கு” என்றார் அவர். “டீசல் எடுக்குற ஆளுன்னா டேங்குக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டுட்டு வேலை குடுத்துருவேன். பாய் கட்டுற ஆளுக்கு நான் எங்கன பூட்டுப் போடுறது?”

டீயைக் குடித்து முடித்தேன். எழுந்து, பஸ் பிடித்துக் கீழக்கரைக்குப் போய், வண்டியை எடுத்தேன். ஓய்வு பெறும்வரை ஜமால் முதலாளியிடம்தான் ஓட்டினேன். வேறு எவன் கொடுப்பான்?